அழகம்மா ஞாபகார்த்தக் கதிரையை எரித்தமை

2024 மார்ச் 19, முற்பகல் 9.20 மணி. பொலிஸ் நிலையம், சிறு முறைப்பாடுகள் பிரிவு. பதிபவர்: பெண் பொலிஸ் சார்ஜன்ட் கிருசாந்தி.

பெயர்: நவரத்தினம் ஜெயரூபி. வயது: 47. தொழில்: தாதிய உத்தியோகத்தர், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு. முகவரி: உருத்திரபுரம், கிளிநொச்சி.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். தாதியாக இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்திருக்கிறேன், அதில் கடைசி ஆறு வருடங்கள் எமது வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக உள்ளேன். அது என்ன வேலை என்று இங்கே கேட்டார்கள். ஒரு நோய் வருத்தத்தோடு வந்தவர் இன்னொரு வருத்தத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் பார்ப்பதுதான் என் வேலை. கையைக் கழுவு, கையைக் கழுவு என்று சொல்லித் திரிகிறவள் என்று நோயாளர் விடுதியில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும், கையைக் கழுவினால் சரி.

வட்டக்கச்சியைச் சேர்ந்த வீரகத்தி பிரதீபன் என்பவர் இம்மாதம் 12ஆம் திகதி செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தனது தாயாரின் ஞாபகார்த்தமாக வைத்தியசாலைக்குக் கொடுத்த கதிரையை நான் வேண்டுமென்றே எரித்தேன் என்றும், அதன் மூலம் இறந்தவரை அவமதித்தேன் என்றும் அதில் சொல்லப்பட்டுள்ளது. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். இந்தக் குற்றம் நிரூபணமானால் என் வேலையே போகக்கூடும் என்று எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் எனக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், எரித்தது நான். வேறு ஒருவரையும் இதில் சேர்க்க வேண்டாம்.

அந்தக் கதிரை, எழும்பி நடக்க இயலாத நோயாளிகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மலசலம் கழிப்பதற்கான கொமட் கதிரை. முதிரை மரத்தில் செய்து, வார்னிஷ் பூசி, இருக்கும் இடத்தில் ஸ்பொஞ் வைத்து றெக்சின் அடித்திருந்தார்கள். நாலு கால்களிலும் சில்லு இருந்தது. முதுகுப் பலகையில் ‘அமரர் திருமதி வீரகத்தி அழகம்மா ஞாபகார்த்தமாக, பிள்ளைகள்’ என்று மஞ்சள் எழுத்தில் வடிவாக எழுதியிருந்தது. தாயாரின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு, சென்ற வருடம் ஏப்ரல் மாதத்தில், பிரதீபன் தன் உழவு இயந்திரப் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்து பெண்கள் விடுதியில் கொடுத்தார். எங்களிடம் வேறு கொமட் கதிரை இருக்கவில்லை. நானும் நன்றி சொல்லித்தான் வாங்கினேன், ஸ்பொஞ்சைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதன் பின்னர் முதல் மாதத்தில் ஒருநாள் சிற்றூழியர் கிருபன் வழக்கம்போலக் குளோரின் தண்ணீரால் அந்தக் கதிரையைக் கழுவ, ‘அழகம்மா’வில் பாதி வெளிறிப் போனது. அடுத்த கிழமை தற்செயலாக வந்த பிரதீபன் அதைக் கண்டு விடுதியில் நின்று சத்தம் போட்டு, ஆள் பிடித்து மறுபடி எழுத்துப் போடுவித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் குளோரின் படவே இல்லை. இது எனக்குத் தெரிய வந்தது பத்து மாதங்கள் கழித்துத்தான், அப்போது நான் கிருபனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“பேர் அழிஞ்சால் அந்த ஐயா வந்து கத்துவார் மிஸ்ஸி. அதுதான் குளோரின் போடுறேல்லை. ஈரத்துணியால வடிவாத் துடைக்கிறனான்” என்றார்.

“வடிவா எண்டால்?”

“மினுங்கும் மிஸ்ஸி.”

மினுங்கியது உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் பெயருக்கு மேலே ஒரு சந்தனப் பொட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் சந்தனப் பொட்டு வைத்த கொமட்டை நான் அங்கேதான் கண்டேன். அதோடு விடவில்லை. எங்கள் சனம் இறந்தவரின் பெயர் உள்ள கதிரையில் சும்மா குந்த மாட்டார்கள். கன நோயாளிகள் கதிரையில் இருப்பதற்கு முன்னர் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், எழும்பும்போதும் ஒருக்கால் தொட்டார்கள். அதே கையால் பிறகு சோறும் சாப்பிட்டார்கள்.

இவ்வருடம் ஜனவரி மாதம் மூன்றாம் கிழமையில் பெண்கள் விடுதியில் ஒருவருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அதன் பின்னர் இன்னொருவர், அதன் பின்னர் இன்னும் இருவர் என்று பெப்ரவரி 10ஆம் திகதிக்குள் ஏழு பேர் ஆகிவிட்டார்கள். எல்லோரும் வேறு வருத்தங்களுக்கு வந்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றப்பட்டவர்கள். நான் முதலில் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் பார்வையாளர் வாசலில் கதிரை போட்டு இருந்து சோற்றுப் பார்சல்களைத் திறந்து பார்த்தேன், சனம் என்னை வாய்க்குள் திட்டியது. அது பிழையான வழி. வீட்டுச் சாப்பாடு சாப்பிடாதவர்களுக்கும் வருத்தம் வந்தது.

அதன் பின்னர் நோயாளிகளின் மலம் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, ஐந்து பேருக்கு குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பற்றீரியா இருப்பதாக முடிவு வந்தது. அதைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்கு நான் விளங்கப்படுத்திய விதமாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். குடலுக்குள் எங்களுக்கு உதவியாக இருக்கும் கிருமிகளை மருந்து கொன்றுவிட்டால், அந்த வெறும் இடத்தில் இது குடியேறும். வெளியே வந்தால் அரிசி உமிக்குள் இருக்கிற மாதிரி ஒரு கோதுக்குள் மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும். கையில் பூசும் ஸ்பிரிட்டுக்கு அது சாகாது. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவினால் கையை விட்டுப் போகும். சாமான்களில் இருந்தால் குளோரின்தான் கொல்லும். ஈரத்துணி கொல்லாது, ஓரிடத்தில் இருப்பதை எல்லா இடமும் பரப்பிவிடும்.

இதன் பிறகு நான் விடுதியில் இருந்த ஒவ்வொருவரிடமும் அவர்கள் எங்கே மலம் கழித்தார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியை இங்கே ஒப்படைத்துள்ளேன். நோய் வந்த ஏழு பேரும் கதிரையைப் பாவித்தவர்கள். நடந்து மலசலகூடத்துக்குப் போய் வந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் நோய் இல்லை. அப்போதும் நான் அவசரப்படவில்லை. கிருபனைக் கேட்டபோது, ஜனவரி கடைசியில் ஆண்கள் விடுதிக்கு அந்தக் கதிரையை நாலு நாள் இரவல் கொடுத்ததாகச் சொன்னார். நேரே அங்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு பேர். இருவரும் கதிரையில் இருந்தவர்கள். றெக்சின் ஒரு பக்கம் கிழிந்து இருந்தது, அதற்குள் விரலை விட்டு அமத்தினேன், ஸ்பொஞ் தண்ணீர் கக்கியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டேன்.

பெப்ரவரி 17ஆம் திகதி அந்தக் கதிரையைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டி, பாவிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். அன்றே அதை அழிக்க அனுமதி கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். அன்பளிப்புப் பொருட்களைக் குழு கூடித்தான் கழிக்கலாம், குழு ஜூன் மாதத்தில் கூடும் என்று பதில் வந்தது. கிருமிக்கு ஜூன் மாதம் வரை பொறுத்திருக்கச் சொல்லி யார் கடிதம் எழுதுவது என்று நான் கேட்டேன். அது மரியாதை இல்லாத கேள்வி என்று சொன்னார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக எவர்சில்வர் மலச்சட்டி கொடுத்து, பாவித்தவுடன் குளோரினில் ஊறப் போடுவித்தேன். கதிரை பூட்டப்பட்டு பத்தாவது நாளுக்குப் பிறகு புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை.

நோய் வந்த ஏழு பேரில் ஒருவர் ராசு சிவலட்சுமி, வயது 56, அக்கராயனில் வயல் கூலி வேலை செய்பவர். மண்வெட்டி வெட்டிய கால் சீழ் கட்டி வந்தவர். ஒருமுறை வயிற்றோட்டம் சுகமாகி, மறுபடியும் வந்து, இரண்டாம் முறை மிகவும் மோசமாகி, ஒன்பதாம் கட்டிலில் மூட்டையைப் போலச் சுருண்டு கிடந்தார். காலுக்கான மருந்தை நிறுத்தவும் இயலவில்லை. இன்னொரு தரம் வந்தால் குடல் தாங்காது என்று வைத்தியர் என்னிடம் சொன்னார். அவரைப் பார்க்க ஒருவரும் அதிகம் வருவதில்லை, வந்தாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மார்ச் 11ஆம் திகதி அழகம்மாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம். அன்று பிள்ளைகள் நோயாளிகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கதிரையோடு படம் எடுக்க விரும்புவதாகச் சொன்னதால், அலுவலகத்தார் அன்று காலை களஞ்சியத்தைத் திறப்பித்து கதிரையை வெளியில் எடுத்தது எனக்குத் தெரியாது. நான் காலை 10.15 மணிபோல விடுதிக்குள் வந்தபோது கிருபன் துடைத்து மினுங்கும் கதிரையைத் ஒன்பதாம் கட்டிலடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், அலுவலகமே வெளியில் எடுத்ததால் பாவிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். முதுகுப் பலகையில் செவ்வரத்தைப் பூ ஒன்று செருகியிருந்தது. சிவலட்சுமி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, பெயரைத் தொட்டுக் கும்பிடக் கையை நீட்டியிருந்தார்.

“தொடாதேங்கோ!” என்று நான் கத்தினேன். விடுதியே திரும்பிப் பார்த்தது. அதன் பின்னர் நான் சிவலட்சுமியின் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினேன்.

“நான் வேணாம்னுதாங்க சொன்னேன் மிஸ்ஸி” என்றார் அவர். “சாமி பேரு மாதிரி எழுதி வச்சிருக்கு, மறுபடியும் வேணாம்னா கோவிப்பாங்கன்னு…”

 அழ எனக்கு நேரம் இருக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு கதிரையை நானே தள்ளிக்கொண்டு பின்பக்கம் கழிவு எரிக்கும் சூளைக்குப் போனேன். கிருபன் பின்னால் வந்து, “மிஸ்ஸி, யோசிச்சுச் செய்யுங்கோ” என்றார். பூட்டின அறையைத் திறக்கிற வைத்தியசாலையில் இன்னொரு பூட்டுப் போடுவதில் பிரயோசனம் இல்லை என்பதை நான் ஏற்கனவே யோசித்து முடித்திருந்தேன். அவரைத் திரும்பிப் போகச் சொன்னேன். சூளை வாய்க்குள் முழுக் கதிரை போகாததால், கோடாலியால் முதுகுப் பலகையைப் பிரித்தேன். பூவை எடுத்து மதிலில் வைத்தேன். முதிரை என்பதால் பிடிக்க நேரம் எடுத்தது, பிடித்த பிறகு நன்றாக எரிந்தது. அப்போது நேரம் 10.40. அதன் பின்னர் நான் சூளையடியை விட்டு வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.

ஏறக்குறைய 11.30 மணிக்கு பிரதீபன், மனைவி, சகோதரி ஆகியோர் சோற்றுப் பார்சல்களுடன் வந்தார்கள். சாப்பாட்டைக் கொடுக்க நான் தடை சொல்லவில்லை, எல்லோரையும் கை கழுவச் செய்து கொடுப்பித்தேன். அதன் பின்னர் பிரதீபன் கதிரை எங்கே என்று கேட்டார். கிருபன் என்னைப் பார்த்தார். நான் முன்னுக்கு வந்து, அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று, “நான்தான் எரிச்சுப்போட்டன்” என்று சொன்னேன். தனியாகக் கூப்பிட்டு, இருத்தி, ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை, நான் செய்தது சரி என்ற கொழுப்பில் நின்றேன்.

அவர் முதலில் நம்பவில்லை. ஏன் என்று கேட்டார். அதிலிருந்துதான் சனத்துக்கு வயிற்றோட்டம் தொற்றியது என்று சொன்னேன். அவர் கையில் மிஞ்சியிருந்த பார்சலை ஒரு கட்டிலில் வைத்துவிட்டு,

“என்ர அம்மாவை ரெண்டாந்தரம் எரிச்சுப்போட்டியள்” என்றார்.

அதன் பின்னர் அவர் சத்தம் போடாமல், இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். “இதே விடுதியிலதான் அம்மா கிடந்தவா. பதினொரு நாள் நான் அவவைக் கையில தூக்கிக்கொண்டு கக்கூசுக்குப் போனனான். நாளைக்குப் பத்துத்தரம். இனி ஒரு பிள்ளையும் அப்பிடித் தூக்கித் திரியக் கூடாது எண்டுதான் அதைச் செய்விச்சனான்.” சகோதரி அவரைப் பிடித்து வெளியில் கூட்டிக்கொண்டு போனார். சோறு எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

பத்துத்தரம் என்று அவர் சொன்னது என்னை விடவில்லை. அழகம்மா நெஞ்சுச் சளிக்கு வந்தவர் என்றுதான் எனக்கு ஞாபகம். சளிக்கு வந்தவர் நாளைக்குப் பத்துத்தரம் போவதில்லை. அன்று பின்னேரம் பதிவேட்டு அறைக்குப் போய் அவருடைய பழைய நோயாளர் கோவையை எடுப்பித்துப் பார்த்தேன். ஆறாம் நாள் வரை நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. ஆறாம் நாளிலிருந்து வயிற்றோட்டம். பதினேழாம் நாள் மரணம். மலம் பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை. ஒன்பதாம் நாள் பக்கத்தில், ‘வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், கஞ்சி கொடுக்கவும்’ என்று எழுதி ஒரு சிறு கையொப்பம் இருந்தது. கையெழுத்தும் கையொப்பமும் என்னுடையவை. எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கோவையின் படப்பிரதியையும் இங்கே ஒப்படைத்துள்ளேன், ஒருவரும் கேட்டு நான் கொடுக்கவில்லை.

சிவலட்சுமி இம்மாதம் 16ஆம் திகதி, ஒரு காலைச் சற்று இழுத்தபடி, ஒருவரும் தூக்காமல் நடந்து வீட்டுக்குப் போனார்.

இன்று காலை 8.30 மணிக்கு நிலையப் பொறுப்பதிகாரி என்னையும் பிரதீபனையும் இருத்தி இணக்கமாகப் போகச் சொன்னார். நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே மாதிரி முதிரைக் கதிரை ஒன்றைத் தான் திரும்பச் செய்வித்துத் தர வைத்தியசாலை ஏற்க வேண்டும், அப்படியென்றால் முறைப்பாட்டை விடுவதாக பிரதீபன் சொன்னார். சனத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னதற்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். கதிரையை எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றும், முதிரையும் ஸ்பொஞ்சும் இனி என் விடுதிக்குள் வராது என்றும் சொன்னேன். குளோரின் ஊற்றிக் கழுவக்கூடிய வெறும் பிளாஸ்டிக் கதிரை என்றால் எத்தனை தந்தாலும் எடுப்பேன், பெயர் எழுதாமல் தர வேண்டும் என்று சொன்னேன். வேலை போனாலும் இதுதான் என் பதில் என்று பொறுப்பதிகாரியிடம் சொன்னேன்.

 அதற்குப் பிரதீபன், “அம்மாவுக்கும் இதுதானோ வந்தது?” என்று கேட்டார்.

“தெரியாது” என்று சொன்னேன். “சோதிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும். சோதிக்கச் சொல்லி நான் எழுதியிருக்க வேணும், நான் கஞ்சி குடுக்கச் சொல்லி எழுதினனான். கதிரைக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன் தம்பி. அழகம்மாவுக்குக் கேக்கிறன்.”

அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார். திரும்பி வந்து சார்ஜன்ட்டிடம், “இப்ப அவா சொன்னதையும் எழுதுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அதனால்தான் அதுவும் இங்கே எழுதப்படுகிறது. எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறைப்பாட்டை அவர் மீளப் பெறவில்லை, பெறச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன்.

இதில் உள்ளவை எனக்கு ஆறுதலாக இருமுறை வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன. ஒருவரும் வெருட்டியோ ஆசை காட்டியோ இவற்றை என்னிடமிருந்து வாங்கவில்லை. எனக்குப் பாதகமானதையும் நானே அறிந்து, உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ந. ஜெயரூபி

என் முன்னிலையில் பதியப்பட்டது, முற்பகல் 11.05.
(ஒப்பம்) பெண் பொலிஸ் சார்ஜன்ட் கிருசாந்தி